அவர் வாயாலேயே வரட்டும்

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும், என்னை அழைத்த சமூகப்பணித் துறைக்கும், வெயிலில் பேருந்து மாறி வந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் என் நன்றி. இன்றைய பேச்சு பெரும்பாலும் உங்களுக்காகத்தான்.

1937 அக்டோபர் 1. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த நாள் அது. ராஜாஜியின் அமைச்சரவை அதற்குத் தேர்ந்தெடுத்த மாவட்டம் சேலம். தருமபுரி அப்போது சேலத்தின் பகுதி. 1965இல்தான் தனி மாவட்டமானது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்ணில்தான் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் அரசாணையால் முதலில் மூடப்பட்டன. கலால் வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் அது தளர்ந்தது, பின்னர் திரும்பி வந்தது, மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது.

கடைகள் குறைய வேண்டும், விற்கும் நேரம் குறைய வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கமே நான் நிற்கிறேன். மலிவாகவும் பக்கத்திலும் கிடைப்பது கூடுதலாகக் குடிக்கப்படும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த எண்பது தொண்ணூறு ஆண்டு வாதம் முழுவதும் கடையைப் பற்றியதாகவே இருந்துவிட்டது. குடிக்கிறவரிடம் யார் பேசினார்கள், எப்படிப் பேசினார்கள், அந்தப் பேச்சு அவருக்குள் என்ன செய்தது என்பதை நாம் அதிகம் கவனிக்கவில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்கள். மீதி 37 பேருக்குக் கிடைத்தது என்ன? புத்திமதி. அம்மா சொல்கிறார், மனைவி சொல்கிறார், மாமனார் பஞ்சாயத்து வைத்துச் சொல்கிறார், மேஸ்திரி சொல்கிறார், காவல் நிலையத்தில் சொல்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதிக்கொண்டே டாக்டர் சொல்கிறார். குடியின் கேடுகளைப் பற்றி இந்த மேடையில் பேசச் சொன்னால் குடிப்பவர் நம் எல்லோரையும்விட நன்றாகப் பேசுவார். அத்தனையும் அவர் உடம்பில் நடந்தவை.

இனி நான் சொல்லப்போகும் உரையாடல் யாரையும் குறிப்பதில்லை. பலரிடம் கேட்ட பேச்சைச் சேர்த்து நானே அமைத்தது. பாலக்கோட்டுப் பக்கத்து ஊர்க்காரர். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. திங்கள் விடியற்காலைப் பேருந்தில் போனால் சனிக்கிழமை இரவு கூலியோடு திரும்புவார். இரண்டு பெண் பிள்ளைகள். மனைவி வற்புறுத்தியதால் சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கிறார். ஆலோசகர் இளம் பெண்.

“இப்படியே குடிச்சா ஈரல் போயிடும்ணா. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு, யோசிச்சுப் பாத்தீங்களா?”

“தெரியுதுங்க மேடம். ஆனா நாள் பூரா பலகை தூக்கறேன். உடம்பு வலிக்கு வேற என்னங்க பண்றது?”

“மாத்திரை போட்டுக்கலாமே?”

“அது போட்டாலும் தூக்கம் வர்றதில்லீங்க.”

“அந்தக் கூட்டாளிங்க சேர்க்கையை விடுங்க முதல்ல.”

“அவங்கதாங்க என்னைய வேலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க.”

“மனசு வெச்சா முடியாததில்லண்ணா. ஒரு தடவை நிறுத்தித்தான் பாருங்களேன்.”

“சரிங்க மேடம்.”

இந்த ஆலோசகரிடம் குற்றம் இல்லை. அக்கறை இருக்கிறது, மரியாதை இருக்கிறது, சொன்ன எதுவும் பொய்யில்லை. ஆனாலும் அந்த ஐந்து நிமிடத்தில் நடந்ததைப் பாருங்கள். குடியை விடுவதற்கான காரணங்களை எல்லாம் அவர் எடுத்துக்கொண்டார். எதிரில் இருந்தவருக்கு மிச்சம் இருந்தது மறுபக்கம் மட்டும். வலி, தூக்கம், வேலை, கூட்டாளிகள் என்று தான் குடிப்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகத் தன் வாயாலேயே சொன்னார், சொல்லச் சொல்லத் தன் காதாலேயே கேட்டார். வரும்போது பாதி மனதோடு வந்தவர், போகும்போது குடிப்பதற்கான நியாயங்களை ஒத்திகை பார்த்துவிட்டுப் போகிறார். கடைசியில் சொன்ன “சரிங்க” பேச்சை மரியாதையாக முடித்துவைப்பதற்கு. பெரிய இடத்துக்காரர் முன்னால் மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர் அவர்.

குடிப்பவருக்குள் இரண்டு குரல்கள் எப்போதும் உண்டு. விட வேண்டும் என்பது ஒன்று, விட முடியாது என்பது இன்னொன்று. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு உரக்கப் பேசினால், குடிப்பவர் மற்றதன் பக்கம் சாய்கிறார். பிடிவாதம் என்று நாம் அதற்குப் பெயர் வைக்கிறோம். அந்தப் பிடிவாதத்தில் பாதி நம் பேச்சால் விளைந்தது.

இந்தப் புரிதலை ஒரு முறையாக வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர். 1970களின் இறுதியில் அவரும் சக ஆய்வாளர்களும் குடிநோயாளிகளுக்கு நடத்தை சார்ந்த சிகிச்சைகளைச் சோதித்தார்கள். எந்தச் சிகிச்சை சிறந்தது என்று தேடியவர்கள் 1980இல் வெளியிட்ட கட்டுரையில் வேறொன்றைக் கண்டார்கள். ஒன்பது ஆலோசகர்களும் ஒரே பயிற்சி பெற்றவர்கள், ஒரே கையேட்டைப் பின்பற்றியவர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் யாருடைய நோயாளிகள் குறைவாகக் குடித்தார்கள்? எதிரில் இருப்பவர் சொல்வதைப் பரிவோடு கேட்டு, புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லத் தெரிந்த ஆலோசகர்களுடைய நோயாளிகள். முறையைவிட மனிதர்தான் கூடுதலாக வேலை செய்திருந்தார்.

1982இல் மில்லர் நார்வே போனார். பெர்கன் நகருக்கு அருகே ஹெல்லஸ்டாட் என்ற மருத்துவமனையில் இளம் உளவியலாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். அவர்கள் வெறும் விரிவுரையோடு விடவில்லை. தங்களுக்கு வந்த கடினமான நோயாளிகளைப் போல நடித்துக் காட்டினார்கள், மில்லர் பேசும்போது இடையில் நிறுத்தினார்கள். ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்? அவர் சொன்ன மூன்று விஷயங்களில் இதை மட்டும் ஏன் எடுத்தீர்கள்? அடுத்து எங்கே போகப் போகிறீர்கள்? பதில் சொல்லச் சொல்ல, தனக்கே தெரியாமல் தான் பின்பற்றிவந்த நெறிகள் மில்லருக்குப் புலப்பட்டன. மாற்றத்துக்கான வாதத்தை ஆலோசகர் செய்வதில்லை. நோயாளியே செய்யும்படி பேச்சை நடத்துகிறார். 1983இல் அது கட்டுரையாக வந்தது. பின்னர் பிரிட்டனில் பணியாற்றிய ஸ்டீஃபன் ரோல்னிக் இணைய, 1991இல் இருவரும் எழுதிய நூல் வெளிவந்தது. மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்ற பெயர் அப்படிப் பரவியது. ஊக்க உரையாடல் என்று இந்த உரையில் நான் அழைக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் இங்கே இருப்பதால் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். 1993இல் மில்லர் குழுவினர் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மோதினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு நோயாளி ஓராண்டுக்குப் பிறகும் குடித்துக்கொண்டிருந்தார். கண்டிப்புதான் திருத்தும் என்ற நம்பிக்கை நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் ஆழமாக ஊன்றியிருக்கிறது. குடி விஷயத்தில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

இப்போது அதே மனிதர், அதே ஆலோசகர், அதே அறை.

“வாங்கண்ணா, உக்காருங்க. எதுக்காக வந்தீங்கன்னு நீங்களே சொல்லுங்க.”

“வீட்ல போகச் சொன்னாங்க மேடம், அதான்.”

“அவங்க சொன்னதுக்காக வந்திருக்கீங்க. உங்களுக்கா வரணும்னு தோணல.”

“அப்பிடியும் இல்லீங்க. கொஞ்ச நாளா எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு.”

“ஒரு மாதிரியான்னா?”

“முன்ன சனிக்கிழம மட்டும்தாங்க. இப்ப பெங்களூர்லயும் தினம் ஒரு குவார்ட்டர் ஆயிடுச்சு.”

“குடிக்கறதால உங்களுக்கு என்னண்ணா கிடைக்குது?”

“வலி தெரியாதுங்க. பங்காளிங்களோட உக்காந்தா மனசு லேசாவும். பெங்களூர்ல நம்மள யாருங்க மதிக்கறாங்க? அங்கதான் நாலு பேரு பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க.”

“ஒத்த ஆளா கிடக்கற ஊர்ல அதுதான் உங்களுக்கு உறவு.”

“ஆமாங்க.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ஆனா ஞாயித்துக்கிழம எந்திரிக்கவே முடியறதில்ல. போன வாரம் சின்னது அவங்கம்மாகிட்ட சொல்லிச்சு, அப்பா பெங்களூர்லயே இருந்திருக்கலாம்னு.”

“அது உங்க மனசுல நின்னுடுச்சு.”

“வாரத்துல ஒரு நாள்தாங்க வர்றேன். அந்த ஒரு நாளும் அதுங்களுக்கு நான் இல்ல.”

“அந்த ஒரு நாளாவது பிள்ளைங்களுக்குன்னு இருக்கணும்.”

“இருக்கணுங்க. இருந்தே ஆகணும்.”

முதல் உரையாடலில் பிள்ளைகளை இழுத்தவர் ஆலோசகர். இரண்டாவதில் பிள்ளை தானாக வந்தாள், அப்பாவின் வாய் வழியாக. முதலில் அது குற்றச்சாட்டு, பின்னதில் அவருடைய ஏக்கம்.

நுணுக்கங்களைக் கவனியுங்கள். “உங்களுக்கா வரணும்னு தோணல” என்பது கேள்வி இல்லை. அவர் சொன்னதை எடுத்து, சொல்லாமல் விட்டதையும் சற்றே சேர்த்து, இறங்கும் குரலில் திருப்பித் தந்த வாக்கியம். அது சரியாக இருந்தால் அவர் மேலே பேசுவார். தவறாக இருந்தால் திருத்துவார். இரண்டிலும் பேசுபவர் அவரே. நம் பயிற்சிகளில் கேள்வி கேட்கத்தான் சொல்லித்தருகிறோம். படிவம் நிரப்பக் கேள்வி வேண்டும். ஒரு மனிதர் மனதைத் திறக்க இந்த மாதிரி வாக்கியம்தான் பெரும்பாலும் உதவுகிறது. ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று வாக்கியங்கள் இப்படித் திருப்பித் தரப் பழகினால் உரையாடலின் நடையே மாறிவிடும்.

குடியால் என்ன கிடைக்கிறது என்று அந்த ஆலோசகர் கேட்டாரே, அப்படிக் கேட்கப் பல ஆலோசகர்கள் தயங்குகிறார்கள். குடிக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது போல ஆகிவிடுமோ என்று அச்சம். அந்த அச்சம் தேவையில்லை. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அதில் அவர் முதலில் நினைத்து அழுவது, அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தை: கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிட்டான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் அருந்தி மகிழ்ந்தான் என்று. தோழமையும் குடியும் பின்னிக் கிடப்பது இந்த ஊரில் இன்று நேற்று வந்ததில்லை. நாலு பேர் காசு போட்டு வாங்கி, கட்டிங் போட்டுப் பகிர்ந்து குடிப்பதில் குடிப்பவர் பெறும் உறவை நாம் கேட்டறியாவிட்டால், குடியை விடும்போது அவர் எதை இழக்கிறார் என்பதே நமக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டால் இன்னொன்றும் நடக்கிறது. நல்லதை ஒளிவு மறைவின்றிச் சொல்லி முடித்தவர், “ஆனா” என்று தானே அடுத்த பக்கத்துக்கு வருகிறார். அந்த “ஆனா”வுக்காக ஆலோசகர் காத்திருக்க வேண்டும்.

மாற வேண்டும் என்ற சொற்கள் அவர் வாயில் வந்தபின் என்ன செய்வது? இங்கேதான் நம் மாவட்டத்து வாழ்க்கையே பெரிய துணை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள், பழனிக்கு நடப்பவர்கள், மேல்மருவத்தூருக்குச் சக்தி மாலை போடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தினம் குடிக்கும் மனிதர் மண்டலம் முழுவதும் சொட்டுகூடத் தொடாமல் இருந்துவிட்டு, மலையிறங்கி மாலையைக் கழற்றிய வாரமே கடைக்குப் போகிறார். பார்த்தீர்களா, நடிப்பு என்று ஊர் பேசும். ஆலோசகர் அதில் காண வேண்டியது வேறு. இந்த மனிதரால் 48 நாள் முடிகிறது. வேறு யாரும் அவருக்குச் சொல்லித்தர முடியாத பாடம் அவரிடமே இருக்கிறது.

“போன வருஷம் மாலை போட்டப்ப எப்படிண்ணா இருந்தீங்க?”

“தொட்டதே இல்லீங்க.”

“பெங்களூர்ல இருந்துக்கிட்டேவா? எப்படி முடிஞ்சுது?”

“அங்கயும் சாமிங்க நாலு பேரு ஒண்ணாத் தங்கினோம். நாங்களே சமைச்சோம். சாயங்காலம் குளிச்சுப் பூஜை. கூட்டாளிங்களே சாமின்னு கூப்பிட்டு ஒதுங்கிட்டாங்க, யாரும் வற்புறுத்தல.”

இதில் ஒரு திட்டமே இருக்கிறது. தங்கும் இடம் மாறியது, கடை திறந்திருக்கும் மாலை நேரம் வேறொன்றால் நிரம்பியது, மறுத்துச் சொல்ல ஊர் ஒப்புக்கொண்ட காரணம் கிடைத்தது, பேர் சொல்லி அழைக்க நாலு பேர் இருந்தார்கள். இவற்றில் எதை மாலை இல்லாத நாட்களிலும் வைத்துக்கொள்ள முடியும் என்று கேட்டால், அவரே எண்ணிப் பார்த்துச் சொல்வார். அறை மாறலாம் என்பார். சனிக்கிழமை பேருந்துக்கு நேராக ஏறிவிடலாம் என்பார். கூலியை மனைவி கணக்கில் போடச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்கலாம் என்பார். இதே யோசனையை நாம் சொன்னால் அதில் பத்து ஓட்டை கண்டுபிடிப்பார். தான் சொன்னதில் ஓட்டை இருந்தால் தானே அடைப்பார்.

கோயிலிலும் தர்காவிலும் குடியை நிறுத்தக் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். படித்தவர்கள் அதை இகழ வேண்டாம். யாரோ இழுத்துப்போய்க் கட்டிய கயிறு சீக்கிரம் அறுகிறது. தானே போய், இத்தனை மாதம் என்று தானே சொல்லிக் கட்டிக்கொண்டவர் பல நாள் காக்கிறார். தெய்வத்தின் முன்னால் உரக்கச் சொன்ன சொல்லுக்கு அவரே சாட்சி.

சொல்லுக்கு இவ்வளவு வலு உண்டா என்று கேட்கலாம். பால் ஆம்ரைன் என்ற மொழி உளவியலாளர் போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்களின் ஆலோசனைப் பதிவுகளை வாக்கியம் வாக்கியமாக ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். ஆசை, காரணம், தேவை என்று பேசப் பேச உறுதிச் சொற்களின் வலு கூடியது. உரையாடலின் இறுதிப் பகுதியில் அந்த வலு எப்படி இருந்தது என்பதே பின்னாளில் அவர்கள் விலகி இருப்பதை முன்கூட்டிக் காட்டியது. “பாக்கலாங்க” என்பதற்கும் “இந்த சனிக்கிழமை நேரா வீட்டுக்கு வந்துடறேன்” என்பதற்கும் உள்ள தொலைவை ஆலோசகரின் காது அளந்துகொண்டே இருக்க வேண்டும். 0 முதல் 10 வரை எவ்வளவு உறுதி என்று கேட்பது இந்த முறையில் வழக்கம். நம் ஊரில் ரூபாய்க்கு எத்தனை பைசா என்று கேட்டால் இன்னும் எளிதாகப் பதில் வரும். ஐம்பது பைசா என்றால், ஏன் நூறு இல்லை என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் தடைகளைப் பட்டியலிடுவார். ஏன் இருபது இல்லாமல் ஐம்பது என்று கேட்க வேண்டும். அப்போது தன் பலத்தைச் சொல்வார்.

வெளிநாட்டுச் சரக்கு நமக்கு ஒத்துவருமா என்ற ஐயத்துக்குப் பதில் கோவாவில் கிடைத்தது. சங்காத் என்ற அமைப்பு, அபிஜித் நட்கர்ணி, விக்ரம் பட்டேல் முதலிய ஆய்வாளர்களுடன், 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களைக் கொண்டு நடத்திய சோதனை 2017இல் லான்செட் இதழில் அச்சானது. ஆலோசனை தந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். உளவியல் பட்டமும் இல்லாத உள்ளூர்வாசிகள். ஊக்க உரையாடலை அடிப்படையாகக் கொண்டு அதிகபட்சம் நான்கு அமர்வுகள். மூன்று மாதத்தில் தீங்கான குடியிலிருந்து மீண்டவர்கள் 36 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காடு. ஓராண்டில் இந்த இடைவெளி விரிந்து 54க்கு 32 என்றானது. அற்புதம் என்று சொல்ல மாட்டேன். கிட்டத்தட்டப் பாதிப் பேர் மீளவில்லை. ஆனால் உள்ளூர்ப் பெண்ணோ ஆணோ சில வாரப் பயிற்சியில் கற்றுக்கொண்டு, சுகாதார நிலையத்தின் ஓர் அறையில் செய்யக்கூடிய ஒன்று இவ்வளவு தருகிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை.

சில எச்சரிக்கைகள். தினமும் அதிகம் குடிப்பவர் பேச்சில் மனம் மாறி மறுநாளே முற்றாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வலிப்பு, இல்லாதது கண்ணில் தெரிவது ஆகியவை வரலாம். முன்பு நிறுத்தியபோது உடம்பு என்ன செய்தது என்று கேட்காமல் அவரை அனுப்பக் கூடாது. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அடுத்து, வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் முதல் வேலை அந்தப் பெண்ணின் பாதுகாப்பு. குடிப்பவரின் இரண்டு குரலையும் கேட்கும் பொறுமை அவள் காயத்துக்கு முன்னால் வரக் கூடாது. 181 என்ற பெண்கள் உதவி எண் அவளிடம் இருக்க வேண்டும்.

மனைவிமார் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும்: “அவரிடம் மெதுவாப் பேசணும், சரி. இருபது வருஷம் பொறுத்த எங்ககிட்ட யாரு பேசுவா?” நியாயமான கேள்வி. அதற்கும் ஓரளவு பதில் உண்டு. ராபர்ட் மையர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற முறையில் பயிற்சி குடும்பத்தாருக்குத்தான். குடிக்காத நேரத்தில் அன்பாகப் பழகுவது, குடித்த நேரத்தில் விலகிக்கொள்வது, குடியால் வந்த வினையை அவருக்காகத் தான் சுமக்காமல் விடுவது, தன் வாழ்க்கையைத் தான் மீட்டுக்கொள்வது. மில்லரும் மையர்ஸும் டோனிகனும் 1999இல் வெளியிட்ட ஒப்பீட்டில் இம்முறையில் பயின்ற குடும்பத்தாரில் 64 விழுக்காட்டினர் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள்; எல்லோரும் கூடி உட்கார்ந்து நேருக்கு நேர் கண்டிக்கும் முறையில் 30 விழுக்காடு. நம் பஞ்சாயத்துகள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குடியைத் தாண்டியும், மக்களையே பேசவைக்கும் இந்த வழி இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. பெண் சிசுக்கொலை இங்கே பெரும் துயரமாக இருந்த 1990களின் இறுதியில், டென்மார்க் உதவிபெற்ற சுகாதாரத் திட்டத்தின் வழியாகக் கலைப்பயணம் ஊர் ஊராகப் போனது. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் 2000இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் அதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அதிகாரி வந்து பேசிவிட்டுப் போகும் கூட்டமாக இல்லாமல், ஊர்க்காரர்கள் தங்கள் வாழ்க்கையையே தெருவில் நாடகமாகப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பேசத் தொடங்கும் இடத்தில்தான் அத்தகைய நாடகத்தின் வேலையும் தொடங்குகிறது.

அரூர் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்டிலிங்கிக்கு 1993இல் வந்த மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் தொடங்கிய பழங்குடியினர் நல மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். மலையாளிப் பழங்குடிப் பெண்களையே அவர்கள் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். பத்தாண்டு கழித்து ஊர் ஊராக நடந்து போய், உங்களுக்கு எது பிரச்சினை என்று கேட்டார்கள். மருத்துவர் கேட்ட கேள்விக்கு மக்கள் சொன்ன பதில் விவசாயம். அங்குள்ள இயற்கை வேளாண்மை உழவர் சங்கம் அந்தப் பதிலிலிருந்து வளர்ந்தது. ஊக்க உரையாடல் என்ற பெயரை அவர்கள் பயன்படுத்தினார்களா என்பது முக்கியமில்லை. கேட்டுவிட்டு, வந்த பதிலின் பின்னால் போனார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. அதன் கீழ் இன்று வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் பெண் தன்னார்வலர்களில் சிலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசும் உரிமை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. எந்த மருத்துவருக்கும் அது கிடையாது. மாத்திரையை ஏன் விட்டீங்க என்று கேட்டால் கிழவி பொய் சொல்வாள், உங்கள் மேல் உள்ள பிரியத்தில். “மாத்திரை போடறதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கும்மா?” என்று கேட்டுப் பாருங்கள். வயிற்றைப் புரட்டுவதையோ, களி தின்னக் கூடாது என்று யாரோ பயமுறுத்தியதையோ, மருமகளுக்குச் செலவு வைக்க வேண்டாமே என்ற எண்ணத்தையோ அவளே சொல்வாள். நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. ஆலோசனை தருபவர்களுக்கு இந்தக் கலை ஏற்கெனவே கைவந்திருக்கிறது. அவர்களே மற்றவர்களுக்குப் பயிற்றுநர் ஆகலாம்.

இரண்டு நாள் பயிலரங்கு போதாது. பயிலரங்கு முடிந்த உற்சாகம் இரண்டு மாதத்தில் வடிந்து, நாம் மறுபடி புத்தி சொல்லத் தொடங்கிவிடுவோம். மில்லர் தாமே தம் பயிற்சிகளை ஆராய்ந்து இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். கோவாவில் கைகொடுத்தது வேறொன்று. ஆலோசகர்கள் தங்கள் உரையாடல்களை அனுமதியோடு ஒலிப்பதிவு செய்து, குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவர் வேலையை மற்றவர் மதிப்பிட்டார்கள். யார் அதிகம் பேசினார்? எத்தனை கேள்வி, எத்தனை வாக்கியம் திருப்பித் தந்தார்? அவர் “ஆனா” என்றபோது நாம் காத்திருந்தோமா, குறுக்கே புகுந்தோமா?

இந்தத் துறைக்கு என் வேண்டுகோள் அதுதான். மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் இந்தக் கட்டடத்தில் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆலோசகர்களும் செவிலியர்களும் தன்னார்வலர்களும் வரட்டும். பேருந்துக் கட்டணத்தை இந்த அறக்கட்டளையின் வட்டியிலிருந்து கொடுக்க முடியுமா என்று நிறுவனர் குடும்பத்தாரிடம் கேட்டிருக்கிறேன்; யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள், நானும் வற்புறுத்தவில்லை. முதல் கூட்டத்தில் யாருடைய பதிவைக் கேட்பது என்ற தயக்கம் வரும். என்னுடையதைக் கொண்டுவருகிறேன். நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள்.